காகித மனிதனுக்கு எழுதிய பெயர்

பெப்ரவரி 10, செவ்வாய். பொயிண்ட் குக்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து இன்றோடு நான்கு நாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சீனப் பெண் லின், அவர்கள் புத்தாண்டுக்குச் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய பூக்களோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவற்றை மேசையில் வைத்துவிட்டாள்.

"பூவெல்லாம் பின்னாடி வந்தது. முன்னெல்லாம் மனுஷ உருவம் வெட்டுவாங்க. பாலைவனத்துல பழைய கல்லறைகள்லகூடக் கிடைச்சிருக்கு. வழி தவறின உயிரைத் திரும்பக் கூப்பிடறதுக்கு" என்றாள். "அவர் பேரை எழுதி ஜன்னல்ல ஒட்டு. மூணு தடவை கூப்பிடு."

அவள் போனதும் ஒரு மனித உருவம் வெட்டினேன். கட்டியவர் பெயரை முப்பது வருடத்தில் ஒருநாளும் நான் வாயால் சொன்னதில்லை. எழுதவும் கை கூசியது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் பெரிதாக இருந்த பெயரைப் பார்த்து அப்படியே எழுதினேன். இந்த நாட்டில் எல்லோரும் அவரை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். முத்தையா, வாங்க. மூன்று முறை.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மகள் கீதா போன் செய்தாள்.

"அம்மா, அப்பா முழிச்சுட்டாங்க! ஆனா என்கிட்ட பேசல. கதவையே பாத்து, 'வாங்கப்பா, உக்காருங்க'ன்னு சொல்றாங்க."

அப்போதுதான் உறைத்தது. முத்தையா என் மாமனார். போய்ச் சேர்ந்து பதினோரு வருடம். இந்த ஊர்ப் படிவத்தில் நம் ஆட்களுக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர்.

லினைக் கேட்கலாமென்றால் அவள் வீட்டில் விளக்கில்லை. உருவம் இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. கிழித்துவிடலாம். வந்தவர் தனியாகத் திரும்பிப் போவாரா என்பதுதான் தெரியவில்லை.