ஒச்சம்மாள் ஓட்டிய பி.எஸ்.ஏ.

மதுரை ஆஸ்பத்திரி,
3-3-1967

பிரியமுள்ள ஒச்சம்மா,

பருத்தி எடுப்பை விட்டு நீ வரமுடியாதுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. இனி நம் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் கிளச் பிடிக்க முடியாது.

"அந்த வெள்ளைக்காரன் வண்டில அப்படி என்னய்யா இருக்கு?" என்று கேட்டார் கம்பவுண்டர். ராமேசுவரம்வரை ஓட்டிப்போய் இறங்கினாலும், இன்னும் நாலு ஊர் போகலாமென்று இருக்கும் என்றேன். நீயும் அப்படித்தானே சொல்வாய்!

பரளச்சிக் கடைவீதியில் உன் அண்ணன் காளிராஜ், "பொட்டச்சிக்கு மோட்டார் சைக்கிளா? ஓட்டுற கைய வெட்டுறேன்டி" என்று உன்மேல் அரிவாளை ஓங்கியது கண்ணிலேயே நிற்கிறது. நான் குறுக்கே கையை நீட்டாமல் இருந்திருந்தால்? கட்டுப் பிரிக்கட்டும். அவன் கழுத்து எனக்கு.

உன் தவசி


திருச்சுழி,
9-3-1967

அன்புள்ள மச்சானுக்கு,

அன்று உங்களை முதுகோடு சேலையால் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அங்கிருந்துதான் மதுரைக்கு அனுப்பினார்கள். உங்கள் ரத்தம் வழிந்து என்ஜினில் தீய்ந்தது. வண்டி பதறவில்லை, நான்தான் பதறினேன். அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டான். நீங்கள் அவனை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனால் எனக்கு யார்? தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து எழுதுங்கள்.

ஒச்சம்மாள்


மதுரை,
14-3-1967

ஒச்சம்மா,

சத்தியம் செய்யமாட்டேன். போனது என் விரல். 23ஆம் தேதி அனுப்பிவிடுவார்கள். அரிவாளைச் சாணை பிடித்து வை.

தவசி


திருச்சுழி போலீஸ் ஸ்டேஷன்,
20-3-1967

மச்சானுக்கு,

நேற்று மத்தியானம் அண்ணன் மண்ணெண்ணெய் டின்னோடு வந்தான். "வண்டியோட சேத்து ஒன்னையும் கொளுத்துறேன்" என்று என் முடியைப் பிடித்து இழுத்து, தலையில் ஊற்றினான். டயர் கழற்றுகிற இரும்பு கையில் அகப்பட்டது. ஒரே அடியில் மண்டை பிளந்து விழுந்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"உசுரக் காப்பாத்த அடிச்சேன்னு எழுதிக்கிடவாம்மா?" என்றார் ஏட்டையா.

"மொத அடிக்கு அப்படி எழுதுங்கய்யா. ரெண்டாவது ஆத்திரத்துல அடிச்சது" என்றேன்.

அண்ணனுக்கு உயிர் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வருகிறார்கள். பேச்சில்லை, கையசைப்பில்லை. யார் என்ன செய்தாலும் தடுக்கமாட்டான்.

மச்சான், அவன் உதடு காய்ந்தால் பஞ்சில் நனைத்துத் தண்ணீர் வையுங்கள். ஈ மொய்த்தால் விரட்டுங்கள். அவன் பிழைத்தால்தான் நான் வீடு வந்து சேருவேன்.

ஒச்சம்மாள்