நாலு துளை பம்ப்

மார்ச் 4, செவ்வாய்

வண்டி வந்து பன்னிரண்டு நாள். அதில் ஒழுங்காக ஓடியது நான்கு நாள். இன்று கடைக்குப் போகும் வழியில், சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரம்கட்டி, பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஆவி அடங்கும்வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு வயதான பச்சை ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். நிற்கும்போதும் ஓடுவதுபோலவே இருக்கும் உடம்பு. போகிறவர் வருகிறவரெல்லாம் அதை ஆசையாகவும் என்னைப் பாவமாகவும் பார்த்தார்கள்.

கடைக்கு இருபது நிமிடம் தாமதம். அத்தான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "சூடாயிடுச்சா மாப்ள? பரவாயில்ல, மூச்சு வாங்கிக்க" என்றார். இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

அப்பா போன பிறகு, அக்கா வீட்டுக்காரர் என்ற முறையில் அவர்தான் என்னைக் கூட்டிவந்தார். "ஆறு மாசம் கடையப் பாத்துக்க, அப்புறம் உன் வழிய நீ பாத்துக்கலாம்." குழாய், வாஷ்பேசின், பைப் விற்கும் கடை. அப்போது எனக்கு இருபத்துமூன்று. இப்போது நாற்பத்திரண்டு. அவர்கள் வீட்டு மாடி அறை எனக்கு. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. சட்டை தேய்த்து வருகிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது. எதையாவது சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஒரு வக்கீல் வீட்டுக்குக் குளியலறை அளவெடுக்கப் போனேன். இந்த வண்டி அங்கே ஷெட்டில் நின்றது. விற்கப்போவதாகச் சொன்னார். அளவெடுக்கப் போனவன் சாவியோடு திரும்பி வந்தேன். யாரையும் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு — அதுவும் கொதிக்கிறது.

மார்ச் 6, வியாழன்

தினம் இரண்டு பாட்டில் தண்ணீர் குடிக்கிறது. அக்கா கேட்டாள்: "இது காரா, கன்னுக்குட்டியா?"

மார்ச் 9, ஞாயிறு

பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓடும் எஞ்சின்மேல் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்கிறார். கேட்டு முடித்ததும், "வாட்டர் பம்ப் போயிடுச்சு. பேரிங் கத்துது" என்றார்.

பம்பை எடுக்க முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டுமாம். மதியத்துக்குள் பெல்ட், கவர், ரேடியேட்டர் எல்லாம் தரையில் விரித்த சாக்கின்மேல் வரிசையாகப் படுத்திருந்தன.

"சாமான் வந்தா அரை நாள் வேலை" என்றார். "ஆனா இங்க ஒரு வண்டி நிக்கிற இடம்தான் இருக்கு. மூணு நாலு வாரத்துக்குள்ள வரலன்னா தள்ளிட்டுப் போயிடுங்க, கோவிச்சுக்காதீங்க."

ஓடவும் ஓடாது, விற்கவும் முடியாது, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. நல்லா மாட்டினேன்.

மார்ச் 15, சனி

பம்ப் வந்தது. துறைமுக ஊரில் ஒரு பழைய உதிரிபாகக் கிடங்கிலிருந்து அனுப்பினார்கள். ஐந்து மணிநேரத் தூரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்கு ஓடினேன். டாக்டர் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பழையதைப் பக்கத்தில் வைத்தார். பழையதில் கப்பியை இறுக்க நான்கு துளை. வந்ததில் மூன்று.

"ஒரே வண்டி, ஒரே வருஷம்தானே?" என்றேன்.

"அண்ணன் தம்பியா இருந்தாலும் செருப்பு அளவு வேற இருக்குமில்ல" என்றார்.

கடைக்குத் திரும்பியபோது அத்தான் என் இடத்தில் நின்று வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். முதுகு வலிக்காரர், நிற்கக் கூடாது. "வேல முடிஞ்சுதா மாப்ள?" என்று சிரித்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 17, திங்கள்

நேற்று முழுவதும் பட்டறையில். மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து எஞ்சின்மேல் பொறித்திருந்த நம்பரை வெளியே கொண்டுவந்தேன். பிறகு பழைய உதிரிபாகப் பட்டியல் புத்தகங்களில் தேடினேன். வருடத்தின் நடுவில் எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட எண்வரை நான்கு துளை, அதற்கப்புறம் மூன்று. என் வண்டி அந்த எல்லைக்கு நூற்றுப்பத்து எஞ்சின் முந்தியது.

இன்று கிடங்குக்காரரிடம் போனில் சொன்னேன்.

"இந்த வியாபாரத்துல இருபது வருஷம் இருக்கேன். இது எனக்குத் தெரியாது. நீங்க என்ன வேல பாக்குறீங்க?"

"குழாய்க் கடை."

"இங்க வந்துடுங்க. ரெண்டு மாடி நெறையச் சாமான் கெடக்கு. எது எதோடதுன்னு சொல்ல ஆளில்ல."

சும்மா சொல்லியிருப்பார். ஆனால் நல்ல மனிதர் — அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் போன் நம்பரைக் கொடுத்தார். "அது முந்தின எஞ்சின்தான்னு நெனைக்கிறேன். கொடுப்பாங்களான்னு தெரியாது. கொஞ்சம் கறாரான ஆளு."

மார்ச் 23, ஞாயிறு

பஸ்ஸில் மூன்று மணிநேரம். டீச்சருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். விளையாட்டு டீச்சராம்; இன்னும் விசில் ஊதுகிற தொண்டை. வண்டி தகரக் கொட்டகைக்குள் நின்றது. நான்கு டயரும் மண்ணில் இறங்கியிருந்தன. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. குனிந்து டார்ச் அடித்து எண்ணினேன். நான்கு. மறுபடி எண்ணினேன்.

"பம்பை மட்டும் தர மாட்டேன்" என்றார். "ஒண்ணைக் கழட்டிட்டா அப்புறம் இது வண்டி இல்ல, சாமான். என் மகன் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்."

நான் கெஞ்சவில்லை. எனக்கு அவர் சொன்னது புரிந்தது. டீ கொடுத்தார். குடிக்கும்போது கேட்டார்: "உங்க வண்டி ஓடுச்சுன்னா எங்க போவீங்க?"

"கடைக்கு. அப்புறம் வீட்டுக்கு."

"அதுக்கு பஸ் இருக்கே."

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பஸ்ஸில்தான் திரும்பி வந்தேன்.

மார்ச் 24, திங்கள்

கடைக்கு, அப்புறம் வீட்டுக்கு. வேறு ஒரு ஊர்ப் பெயர்கூடவா வாயில் வரவில்லை?

ஏப்ரல் 1, செவ்வாய்

டீச்சர் போன் செய்தார். "மகன் லாரிக்குச் சொல்லிட்டான். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறாங்க. கொட்டகைய இடிச்சு அறை கட்டப் போறானாம். வியாழனுக்குள்ள வந்தா உங்களுக்கு வேணுங்கிறதக் கழட்டிக்குங்க."

"நீங்க வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னேன். வீடு அவன் பேர்ல இருக்கு" என்று போனை வைத்துவிட்டார்.

நாளையோ மறுநாளோ போயே ஆக வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

இன்று போக முடியவில்லை. புது ஹோட்டலுக்கு நூற்றிருபது குளியலறைச் சாமான் நாளை வந்து இறங்குகிறது. இரண்டு நாளாக அதற்குத்தான் இடம் ஒழித்துக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டுக்கு அப்புறம் அத்தானிடம் போய் நின்றேன்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும் அத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போக வேணாம்னு நான் சொல்வேனா? என் முதுகு நெலம உனக்குத் தெரியும். உன்னத் தவிர யாரும் சரியா எண்ணி எறக்க மாட்டாங்க. அதுக்காக நீ போகாம இருக்காத. நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

"சரி அத்தான், அப்புறம் பாத்துக்கலாம்."

சொன்னது யாரு? என் வாய்தானா அது? அவர் தடுக்கவே இல்லையே! கதவத் தெறந்து வச்சுட்டு, போனாப் போன்னு சொல்றாரு, நான் உள்ள நின்னுகிட்டு கதவ நானே சாத்துறேன். நாப்பத்திரண்டு வயசு. ஒரு நாள் லீவு கேக்கத் துப்பில்ல. இதுல ஸ்போர்ட்ஸ் கார் ஒரு கேடு.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் கேட்டது இரண்டே கேள்வி. "எத்தன துளை?" நாலு. "எந்த ஊரு?" அட்ரஸ் எழுதிய சீட்டைக் காட்டினேன். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மதியம் கடைக்குச் சாப்பாடு வரவில்லை. இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து பார்த்தால், எல்லாம் சமைத்து மூடி வைத்திருந்தது; அக்கா இல்லை. மாடியில் கட்டிலுக்கடியில் வைத்திருந்த மூன்று துளை பம்பைக் காணோம். சீட்டையும் காணோம்.

மீதிப் பெட்டிகளை எப்படி எண்ணினேன் என்று தெரியாது. அக்கா தனியாக பஸ் ஏறி நான் பார்த்ததில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தாள். பின்னால் டாக்டர், தோளில் கருவிப் பை. காலையில் பட்டறைக்கே போய் அவரைக் கிளப்பியிருக்கிறாள். "ஷட்டரை எறக்குங்கன்னாங்க, எறக்கிட்டேன்" என்றார் அவர், தானே நம்பாதவர்போல. அக்காவின் புடவையில் முழங்கால்வரை கிரீஸ். கையில் துண்டில் சுற்றிய பம்ப்.

"நாலு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் கழட்டச் சொன்னேன்."

அத்தான், "சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. சமையலறைக்குப் போய்க் கை கழுவினாள்.

பிறகு மாடிக்கு வந்தாள். கட்டிலில் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அந்த டீச்சர் என்கிட்டயும் கேட்டாங்க. வண்டி சரியாயிட்டா உங்க தம்பி எங்க போவார்னு. அவன் எங்கயும் போக மாட்டான்னு சொன்னேன். சொன்னப்புறம் பஸ்ல உக்கார முடியலடா."

கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.

"ஒனக்கு இருபத்தாறு வயசுல பம்ப் கம்பெனிக்கு வேலைக்கு எழுதிப் போட்டியே. பதிலே வரலன்னு நெனச்சியே. அந்த மேனேஜர் வீட்டுக்கு ரெண்டு தடவ போன் பண்ணினார். அவனுக்கு விருப்பமில்லன்னு நான்தான் சொல்லிட்டேன். நீயும் போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கிட்டடா பேசுவேன்? உங்க அத்தான் எப்படின்னு உனக்கே தெரியும். கேட்டதுக்குப் பதில் சொல்வாரு. அவ்வளவுதான்."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உன்ன இங்க கட்டிப்போட்டது அவரு இல்ல."

ஏப்ரல் 4, வெள்ளி

அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை.

பதினாறு வருஷம்! நெனச்சா வயிறு எரியுது. ரெண்டு போன். ரெண்டு தடவயும் இதே வீட்டுல, இதே மாடியிலதான் இருந்திருப்பேன், தூங்கிட்டோ சட்டை மாட்டிகிட்டோ.

ஆனா — அதுக்கப்புறம் நான் வேற எங்கயாவது எழுதிப் போட்டேனா? ஒரு கம்பெனி பதில் போடலன்னதும் விட்டுட்டேனே, அது யார் செஞ்சது? இப்ப அவ மேல இருக்கிற கோபத்தப் போர்வையா போத்திகிட்டு இன்னும் பதினாறு வருஷம் இங்கயே படுத்துடுவேனோ?

லாரி இன்று டீச்சர் வண்டியை எடுத்துப் போயிருக்கும். போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பம்ப் உட்கார்ந்துவிட்டது. பெல்ட், கவர், ரேடியேட்டர் ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து எழுந்து வண்டிக்குள் போயின. டாக்டர் ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கைப்பிடியை என்னிடம் நீட்டினார். கேட்டேன். கத்தல் இல்லை; ஒரே சீரான சுழற்சி. நாற்பது நிமிடம் ஊரைச் சுற்றினேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

பட்டறை வாசலில் நின்றே கிடங்குக்காரருக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு வரச் சொன்னீங்களே, நெஜமாத்தானா?"

"நெஜமில்லாம உங்ககிட்ட நான் ஏன் பேசணும்? எப்ப வர்றீங்க?"

ஒரு தேதி சொன்னேன். வெளியூர் ஒன்றின் பேரோடு சேர்த்து ஒரு தேதி.

ஏப்ரல் 9, புதன்

கடை திறந்த உடனே சொல்லிவிட்டேன், ஆள் வருவதற்குள். "இருபதாம் தேதி போறேன் அத்தான். வேற வேலைக்கு, பம்ப் அனுப்பின கிடங்குக்கு. திரும்பி வர்ற வேல இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கமான பேச்சு வரப்போகிறது, நானும் "சரி அத்தான்" என்று சொல்லிவிடப்போகிறேன் என்றே நினைத்தேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம். பிறகு, "ஸ்டெப்னி டயர் நல்லா இருக்கா? அஞ்சு மணிநேர ரோடு" என்று கேட்டார்.

"இருக்கு அத்தான்."

"அத ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடு" என்றவர் உள்ளே சாமான் அறைக்குப் போய்விட்டார். அரை மணிநேரம் வெளியே வரவில்லை. அவரைக் கெட்டவர் என்று நினைத்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வந்து சேர்ந்தேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினேன், வண்டிக்காக இல்லை. புறப்படும்போது அக்கா வாசல்வரை வந்தாள். நான் இன்னும் அவளிடம் சரியாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மே 11, ஞாயிறு

கீழ்மாடியில் மூன்று அலமாரி முடிந்தது. மேல்மாடி அப்படியே கிடக்கிறது. கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. அதற்கான தட்டு இந்தக் குவியலில் எங்கோ இருக்கிறது என்கிறார் கிடங்குக்காரர். தேடவேண்டும்.

காலையில் அக்கா போன். எடுத்ததும், "முக்கால் இஞ்ச் வாஷர் எந்த டப்பாவுல வச்சிருக்க?" என்றாள்.

"நீ ஏன் கேக்குற?"

"நான்தான் கடைக்கு வர்றேன். பத்து நாளாச்சு. அவரா கூப்பிடல, நானா வந்து உக்காந்துட்டேன்."

நான் எழுந்து வந்த இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டேனா? கேட்டும்விட்டேன்.

"ஸ்டூல்தான் உசரம், காலு தரையில எட்டல" என்றாள். "ஆனா நாள் முழுக்க ஆளுங்க வர்றாங்கடா. பேசிப் பேசித் தொண்ட கட்டிப்போச்சு. சீக்கிரம் சொல்லு, ஒருத்தர் நிக்கிறார்."

இடதுபக்கம், இரண்டாவது வரிசை, நீல மூடி என்றேன். டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. "கெடச்சுது" என்றவள், போனை வைக்க மறந்து, அந்த வாடிக்கையாளரிடம் பேச ஆரம்பித்தாள். நான் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன்.