வைத்தியம் பார்க்கலாம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பேனாவுக்கும் காய்ச்சலா?

உன் அத்தானைப் பெரிய டாக்டரிடம் காட்டினேன். வயிற்றில் கட்டியாம். அவருக்குத் தமிழ் தெரியாது; “ட்ரீட்டபிள்” என்றார். “க்யூரபிளா?” என்று கேட்டேன், எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். மறுபடியும் “ட்ரீட்டபிள்” என்றே சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். இரண்டும் ஒன்றுதானே? நீ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நடத்துகிறவன், சொல். “உன் தம்பியைக் கேளு, அவன் சரியா சொல்லுவான்” என்கிறார் அத்தான்.

லீவு போட்டுக் கூடவே இரு என்று அடம் வேறு. நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் வருடத்துக்குப் பத்து நாள்தான் தருகிறார்கள். அவர் எழுந்து நடமாடும்போது போடலாம் என்றிருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். பரீட்சைத் தாள் திருத்தித் திருத்திக் கையெழுத்தே கெட்டுவிட்டது.

இரண்டும் ஒன்றுதான் அக்கா. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. முடிந்தால் லீவு போடேன்.

உன் தம்பி

மே 7

தம்பி,

உன் கடிதம் வந்த அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். அத்தானும் வாங்கிப் படித்தார். மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து லீவுப் பேச்சையே எடுப்பதில்லை. நம்பிக்கை வந்துவிட்டது போல.

ஆள்தான் பாதியாகிவிட்டார். வேலைக்குக் கிளம்பும்போது, “கொஞ்ச நேரம் உக்காரேன்” என்பார். “முதல்ல எழுந்து வாங்க, அப்புறம் விடிய விடியப் பேசலாம்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

அக்கா

ஜூலை 28

தம்பிக்கு,

உன் இரங்கல் கடிதம் கிடைத்தது.

அவர் போனது காலை பத்து மணிக்கு. அப்போது நான் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது கட்டிலைத் துடைத்துவிட்டிருந்தார்கள்.

அவர் கடைசியாக இருந்த வார்டில் நம் மொழி பேசும் நர்ஸம்மா ஒருத்தி இருந்தாள். “குணமாகும்னு சொன்னாங்களேம்மா” என்று அவள் கையைப் பிடித்து அழுதேன். அவள்தான் விளக்கினாள். ட்ரீட்டபிள் என்றால் வைத்தியம் பார்க்கலாம், அவ்வளவுதானாம். க்யூரபிள் என்றால்தான் குணமாகுமாம்.

அத்தானுக்கு முதல் நாளே புரிந்துவிட்டதாம். என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “என் மச்சான் படிச்சவன், பக்குவமா சொல்லிடுவான்னு நெனச்சேன்” என்றாராம் அவளிடம். நீ எழுதியதைப் படித்த பிறகு, நான் சந்தோஷமாக இருப்பதைக் கெடுக்க மனமில்லாமல் அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

நான் நொறுங்கிப்போவேன் என்று பயந்துதான் அப்படி எழுதினாய். தெரியும். அதனால்தான் உன்னை வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை. ஆனால் அந்த நான்கு மாதமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனடா. ஓடியிருக்க மாட்டேன்.

பத்து நாள் லீவும் கொடுத்துவிட்டார்கள். வீட்டில்தான் இருக்கிறேன்.

நீ வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். உன் கையெழுத்தைக் கண்டாலே, உண்மையா என்று இன்னொருவரிடம் கேட்கத் தோன்றும். கூடப் பிறந்தவனிடம் அப்படி ஒரு பிழைப்பு எனக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா