ஜெகதீஷ் பெயரில் பதிவான என் உமிழ்நீர் குறித்து

அனுப்புநர்
ந. சுரேந்தர் (வயது 34),
த/பெ. நல்லுசாமி,
பாகலூர் சாலை, ஓசூர்.

பெறுநர்
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப்பணிகள்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பொருள்: ஸ்டெம் செல் தான முகாமில் சக தொழிலாளி ஜெகதீஷ் பெயரில் நான் உமிழ்நீர் கொடுத்தது – நோயாளி ஒருவருக்குப் பொருந்தியிருப்பது என்னுடையது – ஜெகதீஷின் பெயர் நீக்கப்படும் முன் என் ரத்தத்தைச் சோதிக்க ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் தொழிற்சாலையில் 20.09.2024 அன்று நடந்த முகாம்.
2. மனிதவள அலுவலரிடம் 30.06.2025 அன்று நான் கொடுக்க முயன்ற கடிதம் (வாங்கப்படவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் கரூர் மாவட்டத்திலிருந்து வந்து, ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உத்தனப்பள்ளியைச் சேர்ந்த மாதப்பன் மகன் ஜெகதீஷ் என்பவரும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவர் இப்போது லைன் லீடர். நான் அன்று முடுக்கிய அதே போல்ட்டை இன்றும் முடுக்குகிறேன். மேலாளர் பெங்களூர்க்காரர். ஜெகதீஷ் அவரிடம் கன்னடத்தில் சிரித்துச் சிரித்துப் பேசுவார். எனக்குத் தெரிந்த கன்னடம் ‘ஊட்ட ஆய்த்தா’ (சாப்பாடு ஆயிற்றா) என்பதோடு முடிந்துவிடும். இதெல்லாம் இம்மனுவுக்கு எதற்கு என்று தாங்கள் கருதலாம். பின்னால் தேவைப்படுவதால் முன்னதாகவே எழுதிவிடுகிறேன்.

2. லைன் நிற்கக்கூடாது என்பதால், எங்கள் பகுதியில் ஒருவர் பத்துப் பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவது வழக்கம். பாதுகாப்பு உறுதிமொழி, கண் பரிசோதனை, தீயணைப்புப் பயிற்சி என எல்லாப் படிவத்திலும் அப்படித்தான். இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

3. மேற்படி முகாமில், கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள். ஜெகதீஷ் வாயில் புகையிலை வைத்திருந்தார். நர்ஸ் பெண்கள் முன்னால் வாயைத் திறக்க அவருக்கு வெட்கம். “நம்ம பேர்ல நீயே குட்த்துட்றா, இன்னா இப்ப” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய அடையாள அட்டையை நீட்டி, அவருடைய படிவத்தைப் பூர்த்தி செய்து, என் கன்னத்தைக் கொடுத்தேன். ‘உடலில் எப்போதாவது கட்டி வந்ததுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடித்ததும் நான்தான். ஜெகதீஷைப் பொறுத்தவரை அது உண்மை. பிறகு என் பெயரில் கொடுப்பதற்காக மறுபடி வரிசையில் நின்றேன். கன்வேயர் நிற்கிறது என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பியவரும் ஜெகதீஷ்தான். என் பெயரில் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். முகாமில் தந்த பனியனையும் அவரிடமே கொடுத்தேன்.

4. அன்று வந்திருந்த பெண் மருத்துவர் எங்களுக்குப் புரியும்படி ஒன்று சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைப் போல. அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடும். ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு மருந்து கொடுத்து, பழைய காவலை முழுவதும் ஒழித்துவிட்டு, இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றுகிறார்கள். அதிலிருந்து புதுக் காவல் உருவாகும். அட்டை பொருந்தினால், ஒளிந்திருக்கும் மிச்சப் புற்றையும் அது தேடி அடிக்கும். பொருந்தாவிட்டால் வீட்டுக்காரனையே அடிக்கும். தோல், குடல், கல்லீரல் எதையும் விடாது. காவல் இல்லாத அந்த நாட்களில், கொடுப்பவர் உடம்பில் ஏதாவது கெட்ட செல் இருந்து உள்ளே போனால் அதுவும் அங்கே வளரக்கூடும் என்றார். அதனால்தான் கட்டியைப் பற்றிக் கேட்கிறார்களாம்.

5. 09.06.2025 அன்று பதிவு மையத்திலிருந்து ஜெகதீஷுக்குத் தொலைபேசி வந்தது. நிணநீர்க் கட்டிப் புற்று உள்ள ஒருவருக்கு அவர் பொருந்துகிறாராம். நோயாளி யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. மறுநாளே மனிதவளத் துறை அவருக்கு மாலை போட்டுப் படம் எடுத்து, ‘உயிர் காக்கும் நம் ஜெகதீஷ்’ என்று அறிவிப்புப் பலகையில் மாட்டியது. அந்தப் பலகை என் இடத்துக்கு நேர் எதிரில் உள்ளது. எட்டு மணி நேரமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே போல்ட் முடுக்கினேன்.

ஐயா, எனக்குப் பொறாமை. மனுவில் எழுதக் கூசுகிறது, ஆனால் வேறு சொல் பொருந்தவில்லை. லைன் லீடர் பதவிக்குக்கூட நான் இவ்வளவு எரிந்ததில்லை. அது அவர் பேச்சுத் திறமைக்குக் கிடைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இது என் வாய்க்குள் இருந்து எடுத்தது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து என் மனைவி சௌமியா, “உங்க ஃபிரண்டு மொகத்துல என்னா களை பாருங்க” என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை. காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை.

6. அடுத்த கட்டமாக ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்று ஜெகதீஷை அழைத்தார்கள். அவர் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் ஆதார் அட்டையை என் சட்டைப் பையில் வைத்தார். “இதையும் நீயே முட்ச்சிட்டு வந்துடு மச்சான், யாருக்குத் தெரியப் போவுது” என்றார். நான் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நோயாளியை நினைத்து மறுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. என் ரத்தத்தையும் அவர் பெயருக்கு எழுதிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. வேறு வழியின்றி அவரே 27.06.2025 அன்று போய்த் தன் ரத்தத்தைக் கொடுத்து வந்தார்.

7. சோதனை முடிவு வந்ததும் அவர் குட்டு வெளிப்படும், பலகையிலிருந்து படம் இறங்கும் என்று நான் இரண்டு நாட்கள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள், எப்போது இறங்கும் என்று தெரிந்துகொள்வதற்காக முகாமில் கொடுத்த துண்டறிக்கையிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண், இரண்டாம் சோதனை ஒத்துவராவிட்டால் அந்தப் பெயரை மூடிவிட்டுப் புதிதாகத் தேடுவோம் என்றார். வேறு ஆள் கிடைப்பார்களா என்று கேட்டேன். “சிலருக்குப் பத்துப் பேர் கிடைப்பாங்க சார், சிலருக்கு ஒரே ஒருத்தர்தான். அதுக்குள்ள கட்டி திரும்ப வந்துட்டா மாற்று சிகிச்சையே செய்ய முடியாமப் போயிடும்” என்றார். அதுவரை பலகையிலிருந்த முகத்தை மட்டுமே நினைத்திருந்தேன். முகமே தெரியாத இன்னொருவர் காத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஒருத்தர் நான்தான் என்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரைக் கேட்டுத் தேடிப் பார்த்தார். “அப்படி ஒரு பேர் எங்க பதிவேட்டுலயே இல்லைங்களே சார்” என்றார். பதிவு செய்தவர் தவிர வேறு யாரிடமும் அந்தக் கோப்பைப் பற்றிப் பேச விதி இல்லையாம். நான் புதிதாகப் பதிந்தால் முடிவு வர மாதங்கள் ஆகுமாம்.

8. மனிதவள அலுவலர் பிரியதர்ஷினி அவர்களிடம் கடிதம் கொண்டுபோனேன். “பாராட்டு விழாவுக்கு இன்விடேஷன் அடிச்சாச்சு சுரேந்தர், இப்பப் போய் எதையும் கிளறாதீங்க” என்று கடிதத்தைத் தொடாமலே சொல்லிவிட்டார். பதிவு மையத்திடம் ஜெகதீஷையே உண்மையைச் சொல்லச் சொல்லலாம் என்று அவரிடம் போனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது என்னை வேறு ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறார்.

9. ஆகவே நான் வேண்டுவது:

அ) 27.06.2025 அன்று எடுத்த ரத்தம் பொருந்தவில்லை என்று முடிவு வந்தாலும், நோயாளிக்கு ஆள் இல்லை என்று கோப்பை மூட வேண்டாமெனத் தாங்கள் பதிவு மையத்துக்கு எழுத வேண்டும்.

ஆ) என் ரத்தத்தை உடனே எடுக்கச் செய்ய வேண்டும். எந்த நாளும், எந்த நேரமும் வருவேன். ஆள் மாறிக் கையெழுத்துப் போட்டதற்காக வேலை போகலாம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இ) நோயாளி பிழைத்து, விதிப்படி ஓராண்டு கழித்துத் தானம் தந்தவரைச் சந்திக்க விரும்பினால், அவர் முன்னால் ஜெகதீஷை நிறுத்தக்கூடாது. பலகையிலுள்ள படம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். இது ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனிக்கவும்.

ஒரு நாள் தாமதமும் முகம் தெரியாத ஒருவரின் நாள் என்பதை மனதில் கொண்டு, தாங்கள் இம்மனுவை இன்றே எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இடம்: கிருஷ்ணகிரி
நாள்: 07.07.2025

இப்படிக்கு,
ந. சுரேந்தர்

இணைப்பு: 1. என் அடையாள அட்டை நகல். 2. முகாம் துண்டறிக்கை நகல்.

(தட்டச்சு செய்த பின், வரிசையில் நிற்கும்போது கையால் எழுதிச் சேர்த்தது)

ஐயா, ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். 2019-இல் என் முதுகில் இருந்த ஒரு கட்டியை அரசு மருத்துவமனையில் அகற்றினார்கள். சதையைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், முடிவை வந்து வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னார்கள். புண் ஆறிவிட்டது, ஓவர்டைம் இருந்தது, நான் போகவில்லை. இதை எழுதினால் என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். அன்றைய சீட்டை இணைப்பு 3-ஆக வைத்துள்ளேன். இங்கிருந்து நேராகப் போய் அந்த முடிவைக் கேட்கப் போகிறேன்.

அதில் கெட்டது இருந்தால் என் பெயரை அடித்துவிடவும். கூடப்பிறந்த இருவருக்கு இந்த அட்டை ஒன்றுபோல அமைய நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, அப்படி அமைந்தால் ஒருவர் பொருந்தும் நோயாளிக்கு மற்றவரும் பொருந்தலாம் என்று முகாமுக்கு வந்த மருத்துவர் சொல்லியிருந்தார். என் அக்கா பொற்கொடி தளியில் பூப்பண்ணையில் வேலை செய்கிறாள். நேற்றே கேட்டுவிட்டேன். “சின்னதுலருந்து எனக்கு ஒரு முட்டாயாச்சும் உட்டுக் குடுத்திருக்கியாடா நீயி?” என்று கேட்டாள். பிறகு வருகிறேன் என்றாள். அவள் செல்பேசி எண்ணைப் பின்பக்கம் எழுதியுள்ளேன்.

அவளுக்குப் பொருந்திவிட்டால், ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிக்காட்டுவாள். பரவாயில்லை, அவளையே கூப்பிடுங்கள்.

ந. சுரேந்தர்