பத்து விரலும் ஒரு கட்டுரையும்

மேலூர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இன்று காலை என் கட்டைவிரலில் மை தடவினார்கள். அந்த வாடை பட்டதுமே உன் நினைவு வந்து சிரித்துவிட்டேன். எழுத்தர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். செத்துப்போன சிநேகிதனை நினைத்துச் சிரிக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது, மாப்ள?

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் பிள்ளைகளின் பத்து விரலிலும் மை தடவி ரேகை எடுத்து, அறிவை அளந்தார்கள். அவளுக்குக் கணக்கு வராது என்று அறிக்கை வந்தது. பிள்ளை கணக்குப் புத்தகத்தையே மூடிவிட்டாள். சண்டைக்குப் போன என்னிடம், விரல்ரேகையில் அறிவு தெரியும் என்று ஓர் உளவியல் ஆய்விதழில் வந்த கட்டுரையை நீட்டினார்கள். கல்லூரியில் உளவியல் நடத்துகிற நானே அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உனக்கும் அதே வேலைதான், ஆனால் நீ அடங்கவில்லை. பள்ளிக்கு அறிக்கை கொடுத்த ரேகை மையத்துக்கே போய் விரல்களைக் கொடுத்தாய். பிறகு மீசையை வழித்துக்கொண்டு வேறு பெயரில் மறுபடியும் போனாய். முதல் அறிக்கை உன்னைப் பிறவிப் பாடகன் என்றது. அடுத்தது உனக்குச் சங்கீதமே ஆகாது என்றது. “ரெண்டாவதுதாண்டா சரி” என்றாய். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் கணக்கு நோட்டை எடுத்தாள்.

“ஒத்த ஆளு கதைய வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது மாப்ள. கட்டுரை எழுதுனவங்க தரவக் காட்டட்டும்” என்று சொல்லி ஆய்விதழுக்கு எழுதினாய். நிபுணர்கள் சரிபார்த்த கட்டுரை என்று ஒரு வரியில் பதில் வந்தது. வம்பு எதற்கு என்றார் துறைத்தலைவர். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் செல்போனில் அவர்களுக்கே எழுதிக்கொண்டிருந்தாய். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது.

போன மாதம் அந்தக் கட்டுரையை ஆய்விதழே திரும்பப் பெற்றுவிட்டது. கேட்ட தரவை ஆசிரியர்களால் காட்ட முடியவில்லையாம். அறிவிப்பில் உன் பெயர் இல்லை. நான் பொருமினேன்.

“மாமா இருந்தா பேரையா தேடுவாரு? பள்ளிக்கூடத்துல இன்னும் ரேகை எடுக்குறாங்களான்னுதானப்பா கேப்பாரு” என்றாள் மகள். அந்த அறிவிப்பைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள். நீ யாரம்மா என்று கேட்டிருக்கிறார்.

“கணக்கு வராதுன்னு நீங்க எழுதிக் குடுத்த புள்ள மேடம். இப்பப் புள்ளியியல் படிக்கிறேன்.”

பக்கத்தில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பில் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இப்போது நானும் உன்னைப்போலத்தான் முதலில் தரவைக் கேட்கிறேன். பிள்ளைகள் என்னிடமும் தரவு கேட்கிறார்கள்.

இந்த வருடம் அந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையின் விரலிலும் மை தடவவில்லை, மாப்ள.