லோர்ப்புவைப் பற்றி ஒரு கேள்வி

ஜூன் 3, திங்கள்

விடாத மழை. மரவள்ளி இலையை உடைந்த உலக்கையால் இடித்தேன். நல்ல உலக்கை பக்கத்து வீட்டு ஹவாவிடம் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை வாங்கிப் போனாள். நான் மறக்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

ரேடியோவில் ஜனாதிபதி புதிதாக நியமித்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். ஒன்பதாவது பெயர் அமோஸ் கெர்க்குலா. துணை அமைச்சர்.

கார்மாய் உள்ளேயிருந்து, "என்ன பாட்டி, சத்தம் நின்னு போச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கை வலிக்குது."

கை வலிக்கவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

நியமித்தால் போதாதாம். செனட் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கும். ஒப்புக்கொண்டால்தான் பதவி. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் எழுதப் போகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கையெழுத்துதான், இருக்கட்டும். என்ன எழுதுவது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

போர் வந்த வருஷம், ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. ரப்பர் தோட்டத்தைத் தாண்டி ரோட்டின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். துப்பாக்கிக்காரர்கள் பதினொரு பேர். நாங்கள் வரிசையில் நின்றோம். என் மகள் லோர்ப்பு எனக்கு முன்னால். மஞ்சள் சட்டை, இடது தோளில் தையல் விட்டிருந்தது. அவள் குழந்தை கார்மாய் நாலு மாதம், என் முதுகில் கட்டியிருந்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அமோஸ். லோர்ப்புவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் பானையில் சோறு தின்றவன். அவளைக் கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தான். என்னைப் பார்த்து, "நீ போ மா. திரும்பிப் பாக்காத" என்றான்.

நான் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் குழந்தை இருந்தது.

முதுகில் குழந்தை இருந்தது என்றுதான் முப்பத்து நாலு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவனை ஜெயிலில் போடச் சொல்லி எழுத மாட்டேன். ஜெயிலில் போட்டால் அவனுக்குச் சோறு கிடைக்கும், எனக்கு என்ன கிடைக்கும்? ஒரே கேள்வி. லோர்ப்புவை எங்கே வைத்தாய்? இடத்தைச் சொல்லட்டும். போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வருகிறேன்.

ஜூன் 6, வியாழன்

கார்மாய் கூட வந்தாள். செனட் கட்டடத்தில் நாலு படிக்கட்டு ஏறினோம். எங்கள் மாவட்டத்து செனட்டர் குவேவா கடிதத்தைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷன் போலிருக்கிறது. ஆனால் தேர்தலுக்கு வந்தபோது எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் என்று சொன்னார், இந்த அக்டோபர் வந்தால் ஏழு வருஷம்.

"ஒரே கேள்விதானே பெரியம்மா? நான் கேக்கிறேன். டிவி, ரேடியோ எல்லாம் இருக்கும். சத்தியம் பண்ணிட்டுதான் உக்காருவான். தப்பிக்க முடியாது."

"சுத்தி வளைக்காம கேளுங்க ஐயா. அவன் வழுக்குவான்."

"வழுக்கினா நான் பிடிக்கிறேன்" என்று சிரித்தார்.

வெளியே வந்ததும் கார்மாய் சொன்னாள்: "பாட்டி, அவன் சொல்லலைன்னா நீ தாங்குவியா?"

அவளுக்கு அம்மா முகம் தெரியாது. அதனால் அப்படிக் கேட்கிறாள். திட்டவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

தேவாலயத்தில் இறந்தவர்களுக்காக ஜெபம். வழக்கம்போல இந்தத் தடவையும் லோர்ப்பு பெயரைக் கொடுக்கவில்லை. இடம் தெரியாமல் எப்படிக் கொடுப்பது?

ஜூன் 12, புதன்

என் தம்பி மகன் சூமோ வந்தான். புது செருப்பு. தம்பி செத்த வீட்டில் எனக்குப் பின்வரிசையில் நாற்காலி போட்டவன் இவன்தான்.

"அத்தை, பெரிய இடத்து விவகாரம். கடிதத்த வாபஸ் வாங்கிக்க. அமோஸ் நம்ம ஆளு. நம்ம பாஷை பேசுறவன் மேல வந்தா நமக்குத்தானே நல்லது?"

"லோர்ப்பு யாரு ஆளு?"

"செத்தவள இழுக்காத அத்தை."

"செத்தாளா? யார் சொன்னது உனக்கு? எந்த இடத்துல? சொல்லு, இப்பவே போறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஜூன் 15, சனி

இன்று யாமா வந்தாள். அமோஸின் அம்மா. சூமோதான் கூட்டி வந்தான்.

முப்பத்து நாலு வருஷத்தில் சந்தையில் மூன்று தடவை பார்த்திருக்கிறேன், மூன்று தடவையும் அவள்தான் வேறு பக்கம் திரும்பினாள். இன்று நன்றாகக் கூனிப் போயிருந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்னால் தரையில் விழுந்து என் காலைப் பிடித்தாள்.

"அக்கா, உன் துக்கத்துக்கு நான் வரல. ஒரே ஊர்ல இருந்துகிட்டு வரல. லோர்ப்பு எனக்குத் தலை பின்னி விட்ட பொண்ணு. வெக்கத்துல வரல அக்கா."

அவள் அழுத அழுகை பொய் இல்லை. எனக்குப் பொய் அழுகை தெரியும், என் மருமகன், லோர்ப்புவின் புருஷன், அழுதிருக்கிறான்.

சூமோ தட்டில் இரண்டு வெள்ளைக் கோலாக் கொட்டையும் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீரும் வைத்து நீட்டினான். "இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல இருக்கிறதுக்காக" என்று ஏதோ முணுமுணுத்தான். துக்கம் கேட்க வந்தவள் கோலா கொண்டு வருவது வழக்கம்தானே. ஒன்றை உடைத்துப் பாதியை அவளுக்குக் கொடுத்து, பாதியை நான் வாயில் போட்டேன். கசப்பு. தண்ணீர் குடித்தேன். சூமோ போனில் படம் எடுத்தான்.

முதல் தடவையாக ஒருத்தி வந்து லோர்ப்புவுக்காக என்னோடு உட்கார்ந்து அழுதாள். மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது. எழுதவே பயமாக இருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன். மறந்துவிடுவேன் என்பதற்காக இல்லை.

பத்து மணிக்கு என்றார்கள், பதினொன்றரைக்குத் தொடங்கினார்கள். அமோஸ் கறுப்பு கோட்டில் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. பைபிளில் கை வைத்தான். எனக்குப் பொதுமக்கள் பெஞ்சில் இடம், கார்மாய் பக்கத்தில்.

முதல் ஒரு மணி நேரம் அவன் படிப்புச் சான்றிதழ். நீல உடுப்புப் போட்ட பெண் செனட்டர் காகிதத்தை ஆட்டினாள்.

"இதுல ஒரு வருஷம், அதுல வேற வருஷம். எந்த வருஷம் பட்டம் வாங்கினீங்க? ரெண்டு தடவ வாங்கினீங்களா?"

"அச்சுப் பிழை, மாண்புமிகு செனட்டர்."

"உங்க வாழ்க்கையே அச்சுப் பிழையா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கிழட்டு செனட்டர், "அவரைப் படிச்ச ஆளா கேக்குறீங்களா, வேலை செய்ற ஆளா கேக்குறீங்களா?" என்று குறுக்கே விழுந்தார். அவளுக்கு வந்ததே கோபம். "உங்க சான்றிதழயும் கொண்டு வாங்க, பாத்துடலாம்!" இரண்டு பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். தலைவர் சுத்தியலால் தட்டித் தட்டி மேசை உடையும் போலிருந்தது. ஒரு காகிதத்துக்கு இவ்வளவு சண்டை. என் பிள்ளைக்கு எவ்வளவு போடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனே!

பிறகு குவேவா. சுற்றி வளைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "திருமதி நோவாய் என்ற தாய் எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் பதினாலாம் தேதி கயிற்றடியில் அவர் மகள் லோர்ப்புவை நீங்கள் இழுத்துக்கொண்டு போனீர்கள். அவளை எங்கே வைத்தீர்கள்?"

அமோஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாண்புமிகு செனட்டர், போர்க் காலம் எல்லாருக்கும் வலி. அந்தச் சம்பவம் எனக்கு நினைவில் இல்லை. ஆனாலும் அந்தத் தாயின் மனத்தாங்கலைக் கேள்விப்பட்டதும் என் குடும்பம் நம் வழக்கப்படி அவர் காலைப் பிடித்தது. அவர் கோலாவை ஏற்றுக்கொண்டார். விவகாரம் வீட்டிலேயே முடிந்துவிட்டது." படத்தை எடுத்துக் காட்டினான். என் வாயில் கோலா. யாமா கையில் பாதி.

அந்தக் கிழட்டு செனட்டர் நாற்காலியில் சாய்ந்தார். "முடிஞ்ச விவகாரத்த எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க குவேவா? அந்தப் பெரியம்மா இங்க இருக்காங்களா? எழுந்திருங்க மா. கோலா சாப்பிட்டீங்களா, இல்லையா?"

எழுந்தேன். "சாப்பிட்டேன். ஆனா அது துக்கத்துக்கு..."

"சாப்பிட்டீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"சாப்பிட்டேன்."

"அவ்வளவுதான். நாம வெள்ளைக்காரங்க இல்ல. கோலாவும் சாப்பிட்டுட்டு வழக்கும் பேசுவோமா?"

குவேவாவைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்வி என்றார் தலைவர்.

நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். கார்மாய்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஜூன் 19, புதன்

துக்கத்துக்கும் கோலாதான், சமாதானத்துக்கும் கோலாதான். வாயில் வைப்பதற்கு முன்னால், இது எதற்கு என்று கேட்க வேண்டும். எல்லார் முன்னாலும் சொல்ல வைக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? எத்தனை வீட்டுப் பஞ்சாயத்தில் நானே எழுந்து, "எதுக்குன்னு உரக்கச் சொல்லு" என்று கேட்டிருக்கிறேன். ஏன் கேட்கவில்லை? ஒருத்தி அழுதாள் என்று கேட்கவில்லை. யாரிடமும் இளகாதவள் ஒரே ஒரு நாள் இளகினேன் — ஒரே நாள் — லோர்ப்பு, உன் கேள்வியைத் தின்றது நான்தாண்டி, நானே தின்னுட்டேன்.

ஜூன் 20, வியாழன்

இருபத்து மூன்று பேர் சரி என்றார்கள், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். குவேவா ஓட்டுப் போட வரவில்லையாம்.

ஜூன் 21, வெள்ளி

சூமோவுக்கு அமோஸின் அலுவலகத்தில் வேலையாம். ஹவா வந்து சொன்னாள். சொல்வதற்கு மட்டும் வந்தாள்.

ஜூன் 24, திங்கள்

யாமா வீட்டுக்குப் போனேன். கார்மாயிடம் சொல்லவில்லை. கேக்கே ஆட்டோ சேற்றில் நின்றுவிட்டது, மீதி தூரம் நடந்தேன். வழியெல்லாம் அவளை என்ன சொல்லித் திட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடவில்லை.

"நீ துக்கத்துக்குத்தான் வந்தியா, இல்ல அவன் அனுப்பி வந்தியா?"

"ரெண்டும்தான் அக்கா. அவன் போன்னு சொன்னான். போறதுக்கு ஒரு சாக்குக் கிடைச்சுதுன்னு வந்தேன். படத்த அங்க காட்டுவான்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வந்திருப்பேனோ என்னவோ. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்."

திட்டு வாயில் நின்றுவிட்டது. எனக்கும் ஒருத்திதான் இருந்தாள்.

"யாமா. உன் வீட்டுக்குள்ள, கேமரா இல்லாம, அவன்கிட்ட கேளு. எனக்கு இடம் மட்டும் போதும்."

அவள் மிளகாயைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"கேட்டேன் அக்கா. செனட் முடிஞ்ச அன்னைக்கே கேட்டேன். கதவச் சாத்திட்டு, அவன் தலைய என் மடியில வச்சுக்கிட்டுக் கேட்டேன். அழுதான். சின்னப் பிள்ளையாட்டம் அழுதான். 'அம்மா, பொய் சொல்லல. அந்தக் கயித்துல எத்தனையோ பேரு. மஞ்சள் சட்டைன்னு சொல்றாங்க, நானும் யோசிச்சுப் பாக்குறேன். எல்லாம் ஒண்ணா இருக்கு. எந்தப் பொண்ணுன்னு தெரியல'ன்னான்."

"என் வீட்டுல சோறு தின்னவன்."

"அதுகூட மறந்துட்டான் அக்கா."

எப்படித் திரும்பி வந்தேன் என்று சரியாகத் தெரியவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

பொய்யனுக்குத்தான் நான் முப்பத்து நாலு வருஷம் தயாராக இருந்தேன். அவன் மறைத்து வைத்திருக்கிறான், ஒருநாள் பிடுங்கிவிடலாம் என்று. பொய் என்றால் அதற்குப் பின்னால் ஒரு இடம் இருக்கும். ஒரு மரம், ஒரு குழி, ஏதோ ஒன்று. இப்போது அவனிடமும் இல்லை. உலகத்தில் யாரிடமும் இல்லை. தையல் விட்ட தோள் என்னிடம் மட்டும் இருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

அவன் பதவியேற்றான் என்று ரேடியோ. கார்மாய் அணைக்க எழுந்தாள். அது பாட்டுக்குப் பேசட்டும் என்றேன்.

ஜூன் 29, சனி

போதகரைப் பார்த்து லோர்ப்புவுக்கு இறுதி ஆராதனை வைக்கச் சொன்னேன். வரும் சனிக்கிழமை, காலை பத்து மணி. உடல் இல்லாமல். அவர் ஏன் இப்போது என்று கேட்கவில்லை. என் அக்கா இறந்தபோது ஜெபத்தில் பெயரைத் தவறாகச் சொன்னார் என்று இவர்மேல் ஒன்பது வருஷமாகக் கோபம். இன்று அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஆராதனைத் தாள் அச்சடிக்கக் கார்மாயும் நானும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண் எல்லாருக்கும் போடும் தாளைத் திரையில் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர். பிறந்த நாள். பெற்றோர். பிள்ளைகள். "கார்மாய், ஒரே மகள்" என்று கார்மாயே சொன்னாள். இறந்த நாள். ஆகஸ்ட் 14 என்றேன். முதல் தடவையாக அந்த வார்த்தைக்கு எதிரே அந்தத் தேதியைச் சொன்னேன்.

"அடக்கம் செய்த இடம்?"

கார்மாய் என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, காலியா விட்டா அச்சுல நல்லா இருக்காது. எதாவது போடணும்."

"அந்த வரியையே எடுத்துடு மா" என்றேன்.

ஒரு பொத்தானைத் தட்டினாள். கீழே இருந்த வரி மேலே ஏறி, மற்ற வரிகளோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அங்கே அப்படி ஒரு வரி இருந்தது என்றே தெரியவில்லை.