குழாய் ஊதுகிற மூட்டுவாய்

பழங்காநத்தம்
12-3-1938

கொழும்பில் கார்ப் பட்டறையில் இருக்கும் மகன் மலைச்சாமிக்கு, அம்மா ஒச்சாயி சொல்ல உன் தங்கை தங்கப்பொண்ணு எழுதுவது. நீயாவது உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க அழகர் துணை. இங்கே நலம் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா போன தந்தி கிடைத்திருக்கும். எப்படிப் போனார் என்று தந்தியில் சொல்ல முடியவில்லை, அதனால் இது. முதலாளியின் இரண்டு பேர் உட்காரும் சீமைக்கார் புகைக்குழாயில் வேட்டுப் போட்டதுபோல் வெடிக்கிறது என்று அப்பா உனக்கு எழுதினாரே, பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், நிற்கவில்லை. கப்பலூர் ரோட்டில் வெடித்ததில் மாடுகள் மிரண்டு வண்டியோடு வயலில் இறங்கிவிட்டன, இனி வெடித்தால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்போதுதான் உன் பதில் வந்தது. மிதியிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் வெடித்தால் குழாய் எஞ்சினோடு சேருகிற மூட்டுவாய்களில் ஏதோ ஒன்றில் காற்று புகுகிறது, எஞ்சினை ஓடவிட்டுக் கை வைத்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தாய். அப்பா முன்பு மாட்டுவண்டி ஓட்டியவர் இல்லையா, சக்கர அச்சுக்கு மசகு போட வண்டிக்கு முட்டுக் கொடுப்பதுபோலக் காருக்கும் முட்டுக்கட்டை கொடுத்து அடியில் படுத்தார். இதை எழுதுகிற இவளை மேலே டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, மிதி புள்ள, இப்பக் காலை எடு புள்ள என்றார். நான் வீட்டுக்குள்ளே இருந்தேன். எத்தனையாவது மூட்டுவாய் என்று என்னமோ சொல்லி, ஏ புள்ள, இங்கனதான் ஊதுது, உங்கண்ணன் சொன்னது அம்புட்டும் சரி, இன்னொருக்கா மிதி என்று சிரித்தார். மிதித்தாள். நிற்கிற மாட்டுவண்டி ஆடாது, ஓடுகிற எஞ்சின் ஆடும். கட்டை நழுவிவிட்டது.

இதை எழுத மாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள். எழுதுடி என்றேன், எழுதுகிறாள். முன்பே இவளுக்கு வாய் கிடையாது, இப்போது சோறும் இறங்கவில்லை. நீயும் அங்கே, நான் எழுதாமல் இருந்திருந்தால் என்று அழுவாய், பெற்றவளுக்குத் தெரியாதா. நீ எழுதியது சரி. இவள் மிதித்தது அப்பா சொல்லி. கட்டையை வைத்தவர் அவர், அவரையும் நான் திட்டமாட்டேன்.

புது டிரைவரும் பிளக்கைத்தான் மாற்றுகிறான். தெருமுனையில் அது வெடிக்கும்போதெல்லாம் இவள் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். எந்த மூட்டுவாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். நீ இவளிடம் கேட்டு வாங்கி, அந்த மூட்டுவாய்க்குள் இருக்கும் பேக்கிங்கை மாற்றச் சொல்லி முதலாளிக்கு எழுது, மறந்துவிடாதே. அந்தச் சத்தம் நிற்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நாலு பக்கமும் கட்டை அடுக்காமல் எந்தக் காருக்கும் அடியில் போகாதே. நீ நூறு வயசு இருக்கணும் சாமி.

இப்படிக்கு,
அம்மா ஒச்சாயி, கைநாட்டு.

அண்ணே, மொத்தம் நாலு மூட்டுவாய். முன்னாலிருந்து இரண்டாவது.
தங்கப்பொண்ணு.